உச்சி வெயிலில் ரொப்பிய தண்ணீர்

வலது தோள்பட்டை எழுந்திருக்கவே இல்லை. அந்தோணி பிரபு எழுந்து உட்கார்ந்த பிறகும் அது மட்டும் பாயிலேயே கிடப்பது போலிருந்தது. சட்டை போடக் கையைத் தூக்கினால் கழுத்துக்குக் கீழே ஒரு நரம்பு சுண்டி, முழங்கை வரைக்கும் தீயாக இறங்கியது. ஊரார் வீட்டு மொட்டைமாடிகளுக்கெல்லாம் சோலார் வெந்நீர் டேங்க் ஏற்றின தோள் அது. மாடிப்படி அகலமாக இருந்தால் ரெண்டு பேர் தூக்கலாம். குறுகலான படி என்றால் வெளிப்பக்கம் ஏணியைச் சாத்தி, கீழே ஒருவன் முட்டுக்கொடுக்க, இவன் தோளில் வாங்கி ஒவ்வொரு படியாக மேலே போக வேண்டும். சனிக்கிழமை ஏறினது குறுகலான படி.

தோட்டத்துப் பக்கம் ஜெசி அடுப்போடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சவுக்கு மிலாறுக் குச்சிகள் ஈரம். ஊதி ஊதிக் கண் சிவந்துவிட்டது.

"யோவ், வந்து குந்து. தண்ணி சுட்டுடுச்சி."

துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்து தோளில் வைத்தாள். அவன் பல்லைக் கடித்தான்.

"ஊருக்கெல்லாம் சுடுதண்ணி ஊத்தற சாமி நீ. உன் பொண்டாட்டி மட்டும் பொகையில சாவணும்."

"இன்னைக்கு எடுத்தாந்துடறேன் டீ."

"எடுத்தாந்துடுவ. போன மாசம் பூரா இதத்தான் சொல்லிக்கினு இருந்த."

"அப்ப வேல முடியல. இப்பதான் முடிஞ்சிடுச்சே."

ஜெசிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில்லில் வேலை. சாயங்காலம் வரும்போது தலையிலிருந்து கால் வரைக்கும் செம்மண்ணும் தோல் தூசும் அப்பியிருக்கும். பச்சைத் தண்ணீரில் குளித்தால் போகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். ராத்திரி சொறிந்து சொறிந்து புண்ணாகிக் கிடக்கிற கழுத்தோடு மறுநாள் மில்லுக்குப் போவாள். நின்றுகொண்டே வேலை செய்துவிட்டு வந்தவள், திரும்பவும் குனிந்து அடுப்பூதி, தண்ணீர் சுட்ட பிறகுதான் குளிக்க வேண்டும். தண்ணீர் சுட வைக்கக் கரண்டு ராடு ஒன்று வாங்கி வைத்தார்கள். ஒரு நாள் அது அடித்த அடியில் சுவரில் போய் மோதினாள். அன்றைக்கே அதைத் தூக்கிக் குப்பையில் எறிந்துவிட்டாள்.

திண்டிவனத்தில் ராஜ்குமாரின் சோலார் கடையில் ஒரு ஹீட்டர் கிடந்தது. லாரியிலிருந்து இறக்கும்போது விழுந்து, டேங்க்கின் வெளித்தகடு நெளிந்துபோனது. உள்ளே ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவன் நெளிசலைப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். "மூணு வூட்டு வேல கூலியில்லாம முடிச்சிக் குடு. எடுத்துக்கினு போ" என்று ராஜ்குமார் சொன்னான். பிரபு முடித்துக்கொடுத்தான். மூணாவது வீடுதான் ஒலக்கூர் தாண்டி உள்ளே போகிற கிராமத்துச் சீனுவாசன் வீடு. கரும்பும் மல்லாட்டையும் போடுகிற குடும்பம். மகள் ஆர்த்தி வீட்டிலிருந்தே ஏதோ கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். கரண்டு கீசரால் பில் ஏறுகிறதென்று அவள்தான் சோலாருக்குச் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, தோட்டத்தில் டேங்க் வைக்க இடம் பார்த்து, செங்கல்கூட அடுக்கிவிட்டான்.

ஜெசி மூன்றாவது முறை துணியைப் பிழியும்போது போன் அடித்தது. ராஜ்குமார்.

"யோவ் பிரபு, இன்னாய்யா வேல பண்ணி வெச்சிருக்க?"

"இன்னாண்ணா?"

"ஒலக்கூரு பார்ட்டி வூட்ல பதினஞ்சு டியூபும் வெடிச்சிக் கெடக்குது. நேத்து மத்தியானம் பட்டாசு மாதிரி வெடிச்சிதாம். மனுசன் காலையிலேர்ந்து என்னக் கிழிக்கிறான். ஜல்தி கெளம்பி வா."

போனை வைத்துவிட்டு அவன் ஜெசியைப் பார்த்தான். அவள் கேட்டுவிட்டாள். துணியை அண்டாவில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

*

கடை வாசலில் சின்னதுரையின் லோடு ஆட்டோ நின்றது. அதில் ஒரு நீள அட்டைப்பெட்டி ஏறிக்கொண்டிருந்தது. பிரபுவுக்கு அந்தப் பெட்டி தெரியும். நெளிந்த டேங்க்கோடு சேர்ந்த குழாய்ப் பெட்டி அது. உள்ளே பதினைந்து கண்ணாடிக் குழாய்கள். டேங்க் மட்டும் சுவரோரமாகச் சாய்ந்திருந்தது.

"இது என்னுதுண்ணா."

"உன்னுதுதான்யா. யாரு இல்லன்னா? டேங்க்க அப்படியே வெச்சிருக்கேன் பாரு. டியூப மட்டும் இப்ப அங்க கொண்டுபோய்ப் போட்டுட்டு வா. ஸ்டாக் வந்ததும் உனக்கு எடுத்துத் தந்துடறேன்."

"எப்ப வரும்?"

"வரும்யா."

"டியூபு இல்லாம அந்த டேங்க்க வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

ராஜ்குமார் கல்லாவிலிருந்து எழுந்து வெளியே வந்தான். நல்லவிதமாகப் பேச வேண்டும் என்றால் எழுந்து வருவான்.

"இத பாரு பிரபு. கண்ணாடிக்குக் கம்பெனி வாரண்டி கெடையாது. மாட்டி மூணு நாளைக்குள்ள ஒடைஞ்சா ஃபிட்டர் தலையிலதான் வுழும். இது நான் வெச்ச சட்டமில்ல, எல்லாக் கடையிலயும் இதான். அந்தாளுக்கு ரெண்டு அண்ணன் தம்பி, ரெண்டு பேருக்கும் நம்மகிட்டதான் போடப்போறாங்க. அத நான் வுட முடியுமா?"

"நான் ஒழுங்காத்தான் மாட்டுனேன்."

"மாட்டுன. அப்பறம் எப்பிடி வெடிச்சிது?"

"அதான் எனக்கும் தெரியல. போய்ப் பாத்தாதான் தெரியும்."

"போய்ப் பாரு. அவங்க தப்புன்னா, அந்த ஓனரு ஒரு வார்த்த எனக்குப் போன்ல சொல்லட்டும். புது டியூப அவங்க காசுல வரவெச்சிக்கிறேன். உன் பெட்டிய நீ எடுத்துக்கினு நேரா வூட்டுக்குப் போ. சரியா?"

சரி என்றுதான் பிரபுவுக்கும் பட்டது. ஒரு வார்த்தைதானே.

சின்னதுரை வண்டியை எடுத்தான். அவனும் பிரபுவின் ஊர்க்காரன்தான். ஆனால் வேறு பக்கம். ஊரில் மாதா கோயில் நடுவில் நிற்கிறது. அதற்குக் கிழக்கே இருப்பவர்களும் மாதா கோயில் தெரு என்றுதான் சொல்லுவார்கள், மேற்கே இருப்பவர்களும் அப்படித்தான் சொல்லுவார்கள். மேற்குப் பக்கத்துக்கு முன்பு காலனி என்று பெயர்ப் பலகை இருந்தது. மனு மேல் மனு போட்டு, மறியல் பண்ணி, பலகையை மாற்றினார்கள். பிரபுவும் அந்த மறியலில் ரோட்டில் உட்கார்ந்தவன். இன்றைக்கு ஆதார் அட்டையிலும் மாதா கோயில் தெருதான். ஒரே கோயில், ஒரே மாதா. கல்லறைத் தோட்டம் மட்டும் ரெண்டு.

*

சீனுவாசன் வீட்டு மாடியில் கால் வைக்க இடமில்லை. சில்லுகள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. சட்டத்தில் குழாய்களின் மேல்முனை மட்டும் உடைந்த பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. சீனுவாசன் தோளில் துண்டோடு ஒரு பக்கம் நின்றார். ஆர்த்தி கையில் போனோடு நிழலில் நின்றாள். படிக்கட்டுத் தலையில் கெங்கம்மாள், சீனுவாசனின் மனைவி. மாடிக்குள் வராமல், இறங்கிப் போகாமல், அங்கேயே நின்றாள்.

"பாரு. உன் வேலையோட லட்சணத்தப் பாரு" என்றார் சீனுவாசன்.

சனிக்கிழமை இதே ஆள் "சார் சாப்ட்டாரா பாரு" என்று மகளிடம் சொன்னவர். இதே கெங்கம்மாள் சில்வர் டம்ளரில் டீயும் தட்டில் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். "தம்பிக்கு எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்டாள். ஊர் பெயரைச் சொல்லி, "மாதா கோயில் தெரும்மா" என்றான். "அட, என் நாத்தனார அந்த ஊர்லதான் குடுத்திருக்குது" என்று முகம் மலர்ந்து, இன்னும் ரெண்டு முறுக்கு வைத்தாள். மேல்தண்ணீர் டேங்க்கிலிருந்து சோலாருக்குக் குழாய் இழுக்க, அந்தப் பிளாஸ்டிக் டேங்க்குக்குள் ஆள் இறங்கி உள்பக்கமாக நட்டுப் பிடிக்க வேண்டும். வேறு வழியில்லை. பிரபு இறங்கினான். கெங்கம்மாள் பக்கத்திலேயே நின்று, "வழுக்கும், பாத்து எறங்குப்பா" என்றுகூடச் சொன்னாள்.

போகும்போது ஒன்றுக்கு ரெண்டு தடவை சொல்லிவிட்டுப் போனான். "காலி டேங்க உச்சி வெயில்ல ரொப்பக் கூடாது சார். காலிக் கொழா வெயில்ல கொதியா கொதிச்சிக்கினு இருக்கும். அதுல பச்சத் தண்ணி பட்டா படார்னு வெடிச்சிடும். ரொப்பறதா இருந்தா விடிகாலையில ரொப்புங்க, இல்ல பொழுது சாஞ்சி ரொப்புங்க." சீனுவாசன் தலையாட்டினார். ஆர்த்தி, "ஓகேண்ணா" என்றாள்.

இப்போது பிரபு சில்லுகளை ஒதுக்கிக்கொண்டு சட்டத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தான். ஒவ்வொரு குழாயின் கழுத்திலும் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் உண்டு. சனிக்கிழமை அவன் மாட்டும்போது வளையங்கள் டேங்க்கோடு ஒட்டி உட்கார்ந்திருந்தன. இப்போது சிலது தலைகீழாக இருந்தது, சிலது கீழே இறங்கிக் கிடந்தது. கொஞ்சம் சோப்பு நுரை காய்ந்திருந்தது. யாரோ குழாய்களை ஒவ்வொன்றாக உருவி, திரும்பவும் செருகியிருக்கிறார்கள்.

"சார், இதயெல்லாம் கழட்டுனீங்களா?"

"எதை?"

"கொழாய. எல்லாத்தயும் கழட்டி மாட்டியிருக்குது."

சீனுவாசன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "கழுவுனோம்."

"மொத நாள் மாட்டுன புதுக் கொழாய இன்னாத்துக்கு சார் கழுவணும்?"

"எங்க வூட்டுது, நாங்க கழுவுவோம். நீ இன்னாப்பா வக்கீலு மாதிரி கேட்டுக்கினு இருக்க?"

பிரபு மேல்தண்ணீர் டேங்க்குக்குப் போனான். மூடி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தான். தண்ணீர் மஞ்சளாக இருந்தது. அதன்மேல் ஒரு கொத்து வேப்பிலை மிதந்துகொண்டிருந்தது.

தலையை நிமிர்த்தினான்.

"வூட்ல எதுனா எழவு வுழுந்துச்சாம்மா?" என்று படிக்கட்டைப் பார்த்துக் கேட்டான்.

"வாயக் கழுவு" என்றாள் கெங்கம்மாள்.

"வாயையும் கழுவணுமா? மஞ்சத்தண்ணி மிச்சம் இருக்குதா?"

அந்த நேரத்துக்குச் சின்னதுரை அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தான். கெங்கம்மாள் அவனுக்கு ஒதுங்கி வழிவிட்டாள். பெட்டியை இறக்கிவிட்டு எல்லோர் முகத்தையும் பார்த்தான். ஏதோ நடந்திருக்கிறது என்று அவனுக்குப் பட்டது.

"சின்னதுர, சனிக்கெழம நான் போனப்பறம் நீதான பழைய கீசர ஏத்த நின்ன? இந்தம்மா உங்கிட்ட எதுனா கேட்டாங்களா?"

"இன்னா கேட்டாங்க? ஒண்ணும் கேக்கல. வண்டி வாடக குடுத்தாங்க."

"என்னப் பத்தி."

சின்னதுரை தலையைச் சொறிந்தான். "ஆங்… அது… ஃபிட்டரு மாதா கோயில் தெருன்னாரே, கோயிலுக்கு இந்தாண்டயா அந்தாண்டயான்னு கேட்டாங்க. அந்தாண்டம்மான்னு சொன்னேன். அது ஒரு பேச்சா? எங்க இருக்குதோ அதச் சொன்னேன், எனக்கு இன்னாடா தெரியும்?"

அந்தாண்ட. இருக்கிற இடத்தைச் சொல்கிற ஒரு சாதாரணச் சொல். ஆற்றுக்கு அந்தாண்ட, ரோட்டுக்கு அந்தாண்ட. அந்த ஒரு சொல்லுக்காக மறுநாள் காலையில் ஒரு டேங்க் தண்ணீரை மாடியிலிருந்து கொட்டியிருக்கிறார்கள். டேங்க்கைத் தேய்த்திருக்கிறார்கள். அதோடும் மனசு ஆறவில்லை. அவன் நின்ற தண்ணீர்தானே சோலாருக்குள்ளும் போயிருக்கிறது! சோலார் டேங்க்கைக் காலி பண்ணினாலும் கீழ்நோக்கி இறங்குகிற குழாய்களுக்குள் தண்ணீர் நின்றுகொண்டுதான் இருக்கும். அதையும் விடவில்லை. பதினைந்தையும் உருவி, கவிழ்த்து, வடித்து, சோப்புப் போட்டு மாட்டியிருக்கிறார் சீனுவாசன். சனிக்கிழமை இவன் மாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்தானே. அதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. காலிக் குழாய்கள் காய்ந்துகொண்டு கிடக்க, மோட்டாரைப் போட்டார்கள்.

"காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் கழுவுனீங்களா?" என்றான் பிரபு. "அவ்ளோ நேரம் புடிக்குதா, என் காலு பட்டத கழுவறதுக்கு?"

"இந்தாப்பா, மரியாதையாப் பேசு. பூச்சி கெடந்துச்சி, கழுவுனோம்" என்றார் சீனுவாசன்.

"பூச்சியா? எவ்ளோ பெரிய பூச்சி சார்? அஞ்சே முக்கா அடி இருக்குமா?"

சின்னதுரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டான். அந்தச் சிரிப்பு சீனுவாசனின் முகத்தை இன்னும் கறுக்க வைத்தது.

ஆர்த்தி பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அண்ணா, ப்ளீஸ், விட்டுடுங்கண்ணா. அம்மாவுக்கு பிபி இருக்குது."

"உங்க அம்மாவுக்கு பிபி. எனக்கு இன்னா, ஒடம்புல தண்ணியா ஓடுது? நேத்து கொட்டும்போது நீ எங்கம்மா இருந்த?"

"எனக்கு நைட் ஷிஃப்ட்ண்ணா. தூங்கிக்கினு இருந்தேன். வெடிக்கிற சத்தம் கேட்டுத்தான் எழுந்து வந்தேன். சத்தியமா."

அது உண்மையாகவே இருக்கலாம். அவளிடம் அவனுக்குக் கோபம் இல்லை. அவளிடம் ஒரு வார்த்தைதான் வேண்டும்.

"சரி. நான் சண்டைக்கு வரல. இந்தப் பெட்டியில இருக்கறது என் கொழா. என் வூட்டுக்கு வெச்சது. மூணு வூட்டுக் கூலிய வுட்டுட்டு எடுத்தது. நீ ஒண்ணும் வேற சொல்ல வேணாம். மஞ்ச, வேப்பெல, எதுவும் சொல்ல வேணாம். 'கழட்டுனது நாங்கதான், மத்தியானத்துல ரொப்புனது நாங்கதான், ஃபிட்டர் மேல தப்பில்ல'ன்னு ராஜ்குமாருக்குப் போன் போட்டுச் சொல்லு. அவ்ளோதான். நான் என் பெட்டிய எடுத்துக்கினு போய்க்கினே இருப்பேன்."

ஆர்த்தி போனை எடுத்தாள். ராஜ்குமார் பெயரைத் தேடி எடுத்தாள். விரல் அதன்மேல் நின்றது.

"ஆர்த்தி" என்றார் சீனுவாசன்.

கத்தவில்லை. பெயரை மட்டும் சொன்னார்.

"சொன்னா இன்னா ஆவும் தெரியுமா? இன்னாத்துக்குக் கழட்டுனீங்கம்பான். ஊரு பூராப் பேசுவான். இவன் நாளைக்கு கேஸுன்னு போய் நிப்பான். நம்ம வாயால நாமளே எழுதிக் குடுக்கச் சொல்றியா? கீழ போ."

"அப்பா, தப்பு நம்மளுதுதானப்பா…"

"கீழ போன்றேன்ல."

போன் வெளிச்சம் தானாக அணைந்தது. அவள் அதைத் திரும்ப ஏற்றவில்லை. பிரபுவின் முகத்தைப் பார்க்காமல் படிக்கட்டுக்குப் போனாள். கெங்கம்மாள் அவள் தோளைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள், ஏதோ அவளை அவன் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான் என்பது போல.

"பேசி முடிச்சாச்சில்ல? மாட்டுப்பா. மாட்டிட்டுக் கெளம்பு" என்றார் சீனுவாசன். "மாட்டும்போது கையில ஒறை போட்டுக்க. அந்த டேங்க்கப் பக்கம் போவ வேணாம்."

கையில் உறை. காலையில் இந்தத் தோளுக்கு ஒத்தடம் கொடுத்தவள் அந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் இந்நேரம் சில்லு ஒன்றைக் கையில் எடுத்திருப்பாள் என்று பிரபு நினைத்தான். கெங்கம்மாள் கொடுத்த டீயை நினைத்தான். அந்தச் சில்வர் டம்ளரை என்ன செய்தாள்? நெருப்பில் காட்டினாளா, தூக்கிப் போட்டாளா? தின்ற முறுக்கை என்ன செய்ய முடியும் அவளால்?

அவன் குழாய்ப் பெட்டிக்குப் போகவில்லை. மேல்தண்ணீர் டேங்க்குக்குப் போனான். சட்டைக்கையை மடிக்கவில்லை. ரெண்டு கையையும் தோள் வரைக்கும் மஞ்சள் தண்ணீருக்குள் விட்டான். வலது தோள் அலறியது. அப்படியும் விட்டான். முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கி எடுத்தான். வாயில் அள்ளிக் கொப்பளித்து உள்ளேயே துப்பினான். வேப்பிலை ஒன்று நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

"ஐயையோ" என்றாள் கெங்கம்மாள்.

"பட்டுடுச்சி. நல்லாப் பட்டுடுச்சி. கொட்டுங்க" என்றான் பிரபு. தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "மாட்டறதுக்கு வேற ஆளு வருவான். மாட்டுனப்பறம் மறுபடியும் கழட்டுங்க, மறுபடியும் கழுவுங்க, நல்ல உச்சி வெயிலாப் பாத்து ரொப்புங்க. வெடிக்கட்டும். உங்க பாட்டன் காலத்துலேர்ந்து இதான பண்ணிக்கினு இருக்கீங்க? கிணத்தக் கழுவுனீங்க, கொளத்தக் கழுவுனீங்க. இப்ப சூரியனையும் கழுவுங்க."

சீனுவாசன் பாய்ந்து வந்து சட்டையைப் பிடித்தார். பொத்தான் ரெண்டு தெறித்தது. சின்னதுரை நடுவில் விழுந்தான். "வேணாங்க, வேணாங்க சார், பேஜாராப்பூடும், வுடுங்க." யாருக்கு யார் அடி கொடுத்தது என்று தெரியவில்லை. சில்லு மேல் யாரோ காலை வைத்துக் கத்தினார்கள். அது சின்னதுரை. அவனுடைய காலில் ரத்தத்தைப் பார்த்ததும் கெங்கம்மாள் துணியோடு ஓடிவந்தாள். "அடப்பாவமே, ஆழமாப் போயிடுச்சே" என்று அவன் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக் கட்டுப்போட்டாள். அவன் இந்தாண்ட.

பிரபு கிளம்பினான். பெட்டியைத் தூக்கப் பார்த்தான். ஒத்தைத் தோளால் அதைக் குறுகலான படியில் தனியாக இறக்க முடியவில்லை. சின்னதுரையும் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெட்டி மாடியிலேயே நின்றது. ஈரச் சட்டையோடு ரோட்டுக்கு நடந்து, பஸ் பிடித்து, திண்டிவனம் வந்தான்.

*

ராஜ்குமார் எல்லாவற்றையும் கேட்டான். கல்லாவிலிருந்து எழுந்து வரவில்லை.

"பண்ணது அசிங்கம். நான் இல்லன்னு சொல்லல. ஆனா நீ ஏன்யா டேங்க்ல கைய வுட்ட? அந்தாளு என் கஸ்டமருய்யா."

"நான் யாருண்ணா?"

ராஜ்குமார் விழுப்புரத்துக்குப் போன் போட்டு, கண்ணையன் என்கிற ஃபிட்டரை மறுநாளே ஒலக்கூர் பக்கம் போகச் சொன்னான். பிரபுவின் எதிரிலேயே சொன்னான். மாடியில் பெட்டி இருக்குது, பதினஞ்சும் சரியாயிருக்குது, போய் மாட்டிட்டு வந்துடு என்றான்.

அந்த வாரக் கடைசியில் சின்னதுரை காலில் கட்டோடு நெளிந்த டேங்க்கைக் கொண்டுவந்து தோட்டத்தில் இறக்கினான். கணக்கு முடிந்த மாதிரி ராஜ்குமார் அதை அனுப்பிவிட்டான். செங்கல் மேல் அதை உருட்டி வைத்தார்கள். குழாய் போகிற பதினைந்து ஓட்டைகளும் கண் தோண்டின குழி மாதிரி இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அங்க இப்ப எப்பிடி? வெடிச்சிதா?" என்று கேட்டான் பிரபு.

சின்னதுரை இழுத்தான். "கண்ணையன் மாட்டிட்டு வந்துட்டான். அன்னைக்கே டேங்க்க மறுபடியும் கொட்டிட்டாங்களாம். ஆனா பொழுது சாஞ்சப்பறம்தான் கொட்டுனாங்களாம். விடிகாலையில மோட்டார் போட்டு ரொப்பிக்கினாங்களாம். ஒரு கொழாகூட வெடிக்கல. தண்ணி நல்லா சுடுதாம்."

பிரபு சொல்லிக்கொடுத்தபடியேதான் செய்திருக்கிறார்கள். தீட்டையும் விடவில்லை, கண்ணாடியையும் உடைக்கவில்லை. அடுத்த முறை இன்னும் சுலபமாகச் செய்வார்கள்.

சின்னதுரை போனதும் ஜெசி மில்லிலிருந்து வந்தாள். தலையில் செம்மண். கழுத்தெல்லாம் தடிப்பு. டேங்க்கை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். வெறும் தகரச் சத்தம் கேட்டது.

"கோழி அடைக்கலாம்" என்றாள்.

"டீ…"

"கேஸ் குடுய்யா. டேங்க்ல கைய வுட்டேன்னு மாரத் தட்டிக்கினு வந்தியே, போய்க் குடு."

"சாட்சிக்கு யாரு வருவாங்க? அந்தப் பொண்ணு வருமா? சின்னதுர வருவானா? வேப்பெல வந்து பேசுமா?"

"யாரும் வராட்டி நான் வர்றேன். சனிக்கெழம மில்லு லீவு. ஸ்டேஷனுக்குப் போவோம், எழுதிக் குடுப்போம். கிழிச்சிப் போடறானா, கிழிச்சிப் போடட்டும். மறுபடி எழுதுவோம். பலகைய மாத்த எத்தினி தடவ எழுதுனீங்க?"

அவன் தலையாட்டினான். அவள் குனிந்து சவுக்கு மிலாறை அடுப்பில் திணித்தாள். புகை வந்தது. இருமிக்கொண்டே கேட்டாள்.

"எழுதறப்ப உனக்கு இன்னா வரணும்னு கேப்பான். இன்னான்னு சொல்லுவ?"

"ராஜ்குமாரு தரணும், பதினஞ்சு கண்ணாடிக் கொழா" என்றான் பிரபு. "சீனுவாசன் வூட்டு மாடியில இருக்குது. அது நம்முளுது. இன்னும் வரல."